ஒன்றும் வேண்டாமாம்

கோண்டாவில்
வெள்ளிக்கிழமை

அன்பு மகளுக்கு,

போனிலேயே கதைக்கலாம். ஆனால் நீ எடுக்கிற நேரமெல்லாம் அம்மா பக்கத்தில் இருப்பா, எனக்கு இரண்டு சொல்லுக்கு மேல் வாய் வராது. அதனால்தான் எழுதுகிறேன்.

நீயும் கொக்குவில் பொடியனும் திரும்பக் கதைக்கத் தொடங்கியது எங்களுக்குத் தெரியும். அவனே வந்து சொன்னான். போன செவ்வாய்க்கிழமை பின்னேரம் படலையில் சைக்கிளைச் சாத்திவிட்டு, உள்ளே வராமல் செம்பரத்தைப் பக்கம் நின்றான். முன்மயிர் நரைத்துவிட்டது. "வாரும் தம்பி" என்றேன். "மாஸ்டர், நான் அவவோடை கதைக்கிறன். உங்களுக்குத் தெரியாமல் கதைக்க விருப்பமில்லை" என்றான். தேத்தண்ணீரை முழுதாகக் குடித்துவிட்டுப் போனான். 2013இல் உனக்குக் கலியாணம் பேசப் போய், அவர்கள் வீட்டில் நான் தொடாமல் எழும்பி வந்த தேத்தண்ணீர் எனக்கு ஞாபகம் வந்தது.

அந்த நாளை உனக்கு ஒழுங்காகச் சொன்னதேயில்லை. வீட்டோடு இரண்டு பரப்புக் காணி உன் பேரில் சீதனமாக எழுதுகிறேன் என்றேன். அவனுடைய தாய் அதோடு டொனேசன், அதுதான் மாப்பிள்ளை வீட்டுக்குக் கையில் கொடுக்கிற காசு, 20 இலட்சம் கேட்டா. அவவில் முழுப் பிழையும் போட முடியாது, வீட்டில் இரண்டு குமர். மகனுக்கு வருவதை வைத்துத்தான் மகள்மாரைக் கரை சேர்க்க வேண்டும். இது நேற்று வந்த வழக்கமும் இல்லை. ஒல்லாந்தர் 1707இல் எழுத்தில் கொண்டுவந்த எங்கள் யாழ்ப்பாணத்து வழக்கச் சட்டமான தேசவழமையிலேயே, கலியாணம் கட்டாத மகனின் உழைப்பு தாய்தகப்பனின் பொதுச் சொத்தில் சேரவேண்டும் என்று இருக்கிறது. அவன் தோளில் இருந்தது அத்தனை பழைய பாரம்.

என் கையில் 10 இலட்சம் இருந்தது. இருந்து கதைத்திருந்தால் அவவும் இறங்கி வந்திருப்பா. "காசுக்கு மகளைத் தள்ளிவிடுகிற ஆள் நானில்லை" என்ற வீறாப்பில் எழும்பிவிட்டேன். வீட்டுக்கு வந்து உன்னிடம் "சரிவராது" என்று ஒரு சொல்தான். நீ என்ன நினைக்கிறாய் என்று நான் கேட்கவில்லை பிள்ளை. அடுத்த வருடம் ஒக்ரோபரில், 1990இல் நின்ற யாழ்தேவி ரயில் திரும்ப யாழ்ப்பாணம் வந்தது. அதில்தான் உன்னைக் கொழும்புக்கு ஏற்றிப்போய்க் கனடா மாப்பிள்ளையிடம் அனுப்பினேன். மிச்சம் உனக்குத் தெரியும்.

சரி, இப்போதைய விசயத்துக்கு வருகிறேன். பொடியன் வந்துபோன மூன்றாம் நாள் தாய் ஆளனுப்பினா. தங்கச்சிமார் இரண்டு பேரும் கலியாணம் கட்டிப் போய்விட்டார்கள். "எங்களுக்கு ஒண்டும் வேண்டாம், பிள்ளை வந்தால் காணும்" என்றாவாம். அம்மாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. உடனே பஞ்சாங்கத்தை எடுத்து ஆவணியில் நாள் தேடத் தொடங்கிவிட்டா. எனக்கும் முதலில் சந்தோசம்தான். இரவு படுத்த பிறகு நித்திரை வரவில்லை.

அன்றைக்கு 20 இலட்சம், இன்றைக்கு ஒன்றுமில்லை. ஏன் இந்த இறக்கம்? மனம் மாறிக் கேட்காமல் விட்டிருந்தால் அவவைக் கையெடுத்துக் கும்பிடுவேன். நீ ஒருமுறை கட்டி விலகினவள், இனி என்னத்தைக் கேட்பது என்று விட்டிருந்தால், அதுவும் ஒரு விலைதான். என்றோ ஒரு நாள் குசினிக்குள் புளி கரைக்கிற நேரத்தில் "ஒண்டும் வாங்காமல் எடுத்தனாங்கள்" என்று வாயில் வரும். அதைக் கேட்டுக்கொண்டு நீ நிற்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

இன்னொன்று. 2013இல் அந்த விறாந்தையில் அவனும் இருந்தான். தாய் தொகையைச் சொன்னபோது நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு சொல் சொல்லவில்லை. ஏன் என்று நீ கேட்டிருக்கிறாயா? அவன் கெட்டவன் என்று சொல்ல வரவில்லை. இத்தனை வருடம் கட்டாமல் இருந்தவன், படலையடியில் நின்று உண்மையைச் சொன்னவன். ஆனாலும் நாளைக்குத் தாய்க்கும் உனக்கும் நடுவில் நிற்க வேண்டி வந்தால் வாய் திறப்பானா என்று தெரிய வேண்டியது உனக்குத்தான்.

எங்கள் ஊரில் பழகிப் பிரிந்தவர்கள் திரும்பக் கதைத்தால் அடுத்த கேள்வி "கலியாண எழுத்து எப்ப?" என்பதுதான். ஒருவரை ஒருவர் புதிதாகப் பார்க்க ஒரு மாதம்கூட விடமாட்டார்கள். ஆவணி வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன். கோபமாக இருக்கிறா, இருக்கட்டும். எத்தனை ஆவணி போனாலும் இந்தப் பக்கத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்.

உனக்கு எழுதிய காணி உறுதி இரும்புப் பெட்டியில், பூச்சி உருண்டையோடு பத்திரமாக இருக்கிறது. தேசவழமைக்கு உட்பட்ட பெண் கலியாணம் கட்டினால், காணியை விற்கப் புருசனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும் என்று 1911இல் சட்டம் போட்டார்கள். அதையும் தெரிந்து வைத்துக்கொள். அவனைக் கட்டினாலும் சரி, யாரையும் கட்டாமல் விட்டாலும் சரி, இந்த வீடு உன்னுடையது.

உன்னிடம் கேட்காமல் எழும்பி வந்ததற்கு மன்னிப்புக் கேட்கத்தான் இந்தக் கடிதத்தைத் தொடங்கினேன். இவ்வளவு கீழே வந்துதான் எழுத முடிந்தது. என்னை மன்னித்துவிடு அம்மா.

அவனிடம் கேட்டுவிட்டு எனக்கு எடு. அவன் என்ன சொன்னான் என்று நீ சொல்லத் தேவையில்லை. உன் குரலிலேயே எனக்கு விளங்கும்.

அன்புடன்,
அப்பா