முழுப் படத்தையும் பெரிய திரையில் பாருங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

திரையரங்குக்குப் படம் தயாராகும் விதம் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். டிசிபி, அதாவது திரையரங்குக்கு அனுப்பும் டிஜிட்டல் படத் தொகுப்பு, உருவாகும் முறையை எளிமையாக விளக்கியிருந்தீர்கள். ஆனால், மென்பொருள் சோதனை முடிந்தாலே படம் தயார் என்பதுபோல் எழுதியிருந்ததை ஏற்க முடியவில்லை.

அந்தச் சோதனை என்ன செய்கிறது? ஒவ்வொரு கோப்பின் ஹாஷ் மதிப்பும் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் அடையாள எண்) பொருந்துகிறதா என்று பார்க்கிறது. பொருந்தினால், கோப்பு வழியில் சிதையவில்லை என்று தெரியும், அவ்வளவுதான். இடது, வலது சரவுண்ட் ஒலி இடம் மாறியிருந்தாலும், பழைய எடிட்டுக்கான சப்டைட்டில் சேர்ந்திருந்தாலும் ஹாஷ் பொருந்தவே செய்யும்.

வேகக் கணக்கில் வரும் பிழைதான் மோசமானது. விநாடிக்கு 23.976 ஃப்ரேமில் எடுத்த படத்தை 24க்கு மாற்றிவிட்டு ஒலியை அப்படியே விட்டால், முதல் நிமிடத்தில் விலகல் ஒன்றரை ஃப்ரேம்கூட இருக்காது. யாருக்கும் தெரியாது. இரண்டு மணி நேரப் படம் பகுதிகளாகப் பிரிக்காமல் ஒரே ரீலாக இருந்தால், முடியும்போது ஒலி ஏழு விநாடி பின்தங்கிவிடும். தொடக்கத்தை மட்டும் ஓட்டிப் பார்த்து ஒப்புதல் தருபவரிடம் இது எப்படிச் சிக்கும்?

லேப்டாப்பில் பார்ப்பதும் போதாது. டிஜிட்டல் சினிமாவுக்கான தரவிதியான டிசிஐயின்படி, திரையில் வெள்ளையின் ஒளி அளவு சதுர மீட்டருக்கு 48 கேண்டெலா. லேப்டாப் திரை அதைவிடப் பல மடங்கு பிரகாசமானது. அதில் பளிச்சென்று தெரிந்த இரவுக் காட்சி அரங்கில் இருளில் மூழ்கிப்போகும். வண்ணத்தை அரங்குக்கு ஏற்றபடி மாற்றுவதில் பிழை இருந்தால் முகங்களின் நிறமே மாறிவிடும். பல மாதம் உழைத்த ஒளிப்பதிவாளரின் வேலை கடைசி நாளில் இப்படி வீணாவதைப் பார்க்க வயிறு எரிகிறது.

வெளியீட்டுத் தேதி நெருங்கும்போது முதலில் வெட்டப்படுவது கியூசி எனும் தரச் சோதனைக்கான நேரம்தான். தேதியை அறிவிக்கும்போதே அதற்கென ஒரு நாளைத் தயாரிப்பாளர்கள் ஒதுக்கிவிட வேண்டும். முறைப்படி அளவு சரிசெய்த அரங்கில், படத்தில் வேலை செய்யாத ஒருவர் முதல் ஃப்ரேமிலிருந்து எண்ட் டைட்டில் வரை நிறுத்தாமல் பார்க்கட்டும். எடிட்டரே பார்த்தால், அடுத்து என்ன வரும் என்று தெரிந்திருப்பதால் தவறு கண்ணில் படாமல் போகலாம். அப்புறம், ஒரே ஒரு ரீலைத் திருத்தினாலும் அந்த ரீலையும், முன்னும் பின்னும் உள்ள இணைப்புகளையும் மறுபடி ஓட்டிப் பார்த்த பிறகே அனுப்ப வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்