வலியை நம்பியவர்களுக்கு

டிப்போ சொந்தங்களுக்கும், ஆஸ்பத்திரியில் என்னைப் பார்த்துக்கொண்டவர்களுக்கும், எங்கள் தெருக்காரர்களுக்கும் வணக்கம்.

முதுகு ஆபரேஷன் முடிந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. நேரில் பார்த்தபோதெல்லாம் நன்றி சொல்லியிருக்கிறேன். நாலு பேர் அறியச் சொல்ல வேண்டும் என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது, அதனால் எழுதுகிறேன்.

மதுரை–தேனி ரூட்டில் வண்டி ஓட்டியவன் நான். உசிலம்பட்டி தாண்டி ஆண்டிபட்டிக் கணவாய் ஏறும்போது, கிளட்ச் மிதிக்கிற இடது கால் இடுப்பிலிருந்து பெருவிரல் வரைக்கும் சுண்டி இழுக்கும். இடுப்புப் பக்கம் எல்4, எல்5 என்கிற முதுகெலும்புகளுக்கு நடுவில் இருக்கும் ஜவ்வு பிதுங்கி நரம்பை அழுத்துகிறது என்று ஸ்கேனில் தெரிந்தது. பிதுங்கிய துண்டை எடுத்தார்கள். தொடையில் இருந்த குடைச்சல் உடனே விட்டது. முழங்காலுக்குக் கீழே எரிச்சல் மட்டும் போகவில்லை. பாதத்தின் மேல்புறம் மரத்தே கிடந்தது, ஆனால் ராத்திரி போர்வை உரசினால் அதே இடம் பற்றி எரியும்.

"அதான் ஆபரேஷன் பண்ணியாச்சே, இன்னும் என்ன?" என்று கேட்டவர்கள் உண்டு. அவர்கள் மேல் வருத்தமில்லை. தையல் ஆறிவிட்டது, ஆள் நடக்கிறான், வெளியே காட்ட ஒரு காயமும் இல்லை. அப்படியிருந்தும் நான் சொன்ன ஒரு சொல்லை நம்பி, "வலிக்குதா, சரி உட்காரு" என்றவர்கள் நீங்கள்.

டாக்டர் ஐயா, வெளியே அத்தனை கூட்டம் காத்திருக்க, முதுகெலும்பு பொம்மையைக் கையில் வைத்துக்கொண்டு எனக்குப் புரியும்வரை விளக்கினீர்கள். "அழுத்தத்தை எடுத்துட்டோம். நசுங்கின நரம்பு மெதுவாத்தான் தேறும். திரும்ப வளர்ற நரம்பு ஒரு நாளைக்கு 1 மில்லிமீட்டர்தான் போகும். இடுப்புக்கும் பாதத்துக்கும் எவ்வளவு தூரம்னு நீங்களே பாருங்க" என்றீர்கள். பிறகும் எரிச்சல் குறையாததால், மருந்து ஏற்றி மறுபடி எம்ஆர்ஐ எடுக்கச் சொன்னீர்கள். புதிதாக ஜவ்வு பிதுங்கவில்லை, நரம்பைச் சுற்றித் தழும்பு விழுந்திருக்கிறது, இன்னொரு ஆபரேஷன் வேண்டாம் என்றீர்கள். சிலருக்கு இந்த வலி முழுசாகப் போகாமலும் இருக்கலாம் என்பதையும் மறைக்கவில்லை. அன்றைக்குத்தான் நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

பிசியோதெரபி தங்கச்சிக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. உயரமான ஸ்டூலில் உட்கார வைத்து, முழங்காலை மெல்ல நீட்டி மடக்கச் சொல்வார். "வலி ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே நிறுத்துங்கண்ணே. நரம்பைப் பிடிச்சு இழுக்கக் கூடாது, அது நகர்ந்து குடுத்தாப் போதும்" என்பார். பிறகு என் பெருவிரல் மேல் தன் ஒரு விரலை வைத்து, "இதைத் தூக்குங்க" என்பார். ஆரம்பத்தில் அந்த விரல் அசையவே இல்லை. ஒருநாள் அவர் விரலைத் தள்ளிக்கொண்டு மேலே வந்தது. என்னைவிட அவர்தான் அதிகமாகச் சந்தோஷப்பட்டார். வார்டில் இருந்த சிஸ்டர், ஒருக்களித்துத் திரும்பி, கையை ஊன்றி எழுந்திருக்கச் சொல்லிக்கொடுத்தார். இன்றைக்கும் அப்படித்தான் எழுகிறேன்.

நரம்பு வலிக்குக் கொடுத்த பிரீகாபாலின் மாத்திரை போட்டால் கண்ணைச் சொக்கும், ஸ்டியரிங் பிடிக்க முடியாது. டிப்போ சொந்தங்களே, வண்டி ஓட்டாத லைட் டூட்டிக்கு நான் மனு எழுதும் முன்பே டிப்போ டைம் ஆபீஸில் எனக்கு இடம் பார்த்து வைத்தீர்கள். மெக்கானிக் அண்ணன் சொன்னதை மறக்க மாட்டேன்: "ஒயர் ஷார்ட் ஆனா யாரும் அமுக்காமலே ஹாரன் அடிக்கும்ல? உன் நரம்பும் அப்படித்தான்டா, நீ ஒண்ணும் பொய் சொல்லலை." என்னோடு வண்டியில் வந்த கண்டக்டர் மாப்பிள்ளை தினமும் சாயங்காலம் கூடவே நடந்தான். நான் நின்றால் ஏன் என்று கேட்காமல் அவனும் நிற்பான்.

கோயில் பொங்கலன்று பந்தியில் தரையில் உட்கார முடியாமல் ஓரமாக நின்றேன். தெருப் பிள்ளைகள் பெஞ்சும் மேசையும் தூக்கி வந்தார்கள். நான் தனியாக உட்காரக் கூடாதென்று பெரியவர்கள் சிலரும் வந்து பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அன்றைக்கு என் வீட்டுக்காரி அழுதுவிட்டாள். இத்தனை மாதமும் ராத்திரி என்னோடு விழித்துக் கிடந்தவள் அவள். அவளுக்கு நன்றி சொன்னால் திட்டுவாள், இருந்தாலும் இங்கே எழுதி வைக்கிறேன்.

எரிச்சல் இன்னும் இருக்கிறது. முன்னைக்குக் குறைவு, தூக்கம் வருகிறது.

ஓட்டுநர் தம்பிகளே, முதுகு வலியோடு சிறுநீர் கழிக்க முடியாமல் போனாலோ, உட்காரும் இடம் மரத்தாலோ, கால் திடீரென்று பலம் இழந்தாலோ டூட்டி முடியட்டும் என்று பார்க்காதீர்கள், அப்போதே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். நான் சொன்ன பிரீகாபாலின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் வலி குறைந்ததும் திடீரென்று நிறுத்திவிட வேண்டாம், டாக்டர் சொல்கிறபடி கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள். ஆபரேஷனுக்குப் பிறகும் கால் எரிகிறது, யாரும் நம்பவில்லை என்றால் டைம் ஆபீஸுக்கு வாங்க. பகல் முழுக்க அங்கேதான் இருப்பேன், பேசுவோம்.

என்றும் நன்றியுடன்,
உங்கள் ஓட்டுநர்