கார் வகுப்புகளுக்கு நீங்கள் போட்டிருக்கும் 'கடின நட்சத்திரங்கள்' குறித்த புகார்

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

கணினியில் கார்ப் பந்தயம் ஓட்டும் உங்கள் சிம் ரேசிங் மென்பொருளுக்கு நான் பழைய வாடிக்கையாளர். இந்தப் புகார் சர்வரைப் பற்றியதோ கிராபிக்ஸைப் பற்றியதோ அல்ல. அண்மைய அப்டேட்டில் ஒவ்வொரு கார் வகுப்புக்கும் பக்கத்தில் ஒன்று முதல் ஐந்து வரை நட்சத்திரம் போட்டு, ஓட்டுவதற்கு எவ்வளவு கடினம் என்று காட்ட ஆரம்பித்திருக்கிறீர்கள். அந்த மதிப்பீடு தவறு. புதிதாக வருகிறவர்களைப் பொருத்தமில்லாத காரை வாங்க வைக்கும் அளவுக்குத் தவறு. சிம்முக்குப் புதிதாக வந்திருக்கும் என் அக்கா மகனுக்கு, 'தொடக்கநிலை, இரண்டு நட்சத்திரம்' என்று நீங்களே விளம்பரப்படுத்திய பழங்கால கிராண்ட் பிரி தொகுப்பை (1967-இன் ஃபார்முலா 1 கார்கள்) பரிசாக வாங்கிக் கொடுத்தேன். அது தொடக்கநிலைக்கான தொகுப்பே இல்லை என்று சொல்லிப் பணத்தைத் திரும்பக் கேட்டபோது மறுத்துவிட்டீர்கள்.

உங்கள் ஆதரவுப் பிரிவிலிருந்து வந்த பதில்கள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை. பெடலை மறுபடி காலிபரேட் செய்யுங்கள் (அளவைச் சரிபாருங்கள்), ஸ்டீயரிங் வீலின் டிரைவர் மென்பொருளைப் புதுப்பியுங்கள், அவ்வளவுதான். பெடலில் கோளாறு எதுவும் இல்லை. கோளாறு உங்கள் பட்டியலில் இருக்கிறது. அதை இந்த முறை விளக்கமாகவே எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பட்டியலை மேலிருந்து கீழே ஒருமுறை பார்த்தாலே கணக்கு எப்படிப் போடப்பட்டது என்று தெரிந்துவிடுகிறது. எந்தக் கார் ஒரு லேப்பை (தடத்தின் ஒரு முழுச் சுற்றை) வேகமாக முடிக்கிறதோ அதற்கு நட்சத்திரம் அதிகம். இன்றைய ஃபார்முலா 1 காருக்கு ஐந்து, சாலைக் கார்களை அடிப்படையாகக் கொண்ட ஜிடி3 பந்தயக் காருக்கு நான்கு, ஒரே மாடல் மட்டும் ஓடும் பந்தயத்துக்கான போர்ஷே கப் காருக்கு மூன்று, 1967 கிராண்ட் பிரி காருக்கு இரண்டு, சிறிய ஸ்போர்ட்ஸ் காரான மாஸ்டா எம்எக்ஸ்-5, முன்சக்கரங்களால் இயங்கும் டூரிங் கார், நீள்வட்டத் தடத்தில் ஓடும் ஓவல் கார் எல்லாவற்றுக்கும் ஒன்று. லேப் நேரத்தையும் ஓட்டும் சிரமத்தையும் இப்படிச் சேர்ப்பது மொட்டைத்தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுகிற வேலை.

ஜிடி3-யையே எடுத்துக்கொள்வோம். 2006-இல் தொடங்கிய இந்த வகுப்பு, சொந்தச் செலவில் பந்தயம் ஓட்ட வரும் அமெச்சூர்களையும் மனதில் வைத்து உருவாக்கப்பட்டது. பிரேக் போடும்போது டயர் சுழலாமல் பூட்டிக்கொள்வதைத் தடுக்கும் ஏபிஎஸ் உண்டு, ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது டயர் வழுக்காமல் காக்கும் டிராக்‌ஷன் கண்ட்ரோல் உண்டு. இரண்டும் விதியே அனுமதிப்பவை. 500 குதிரைத்திறனுக்கு மேல் இருந்தாலும் கார் 1300 கிலோ அளவுக்குக் கனமானது, பின்னால் காரைத் தரையோடு அழுத்தும் பெரிய இறக்கை, பள்ளக்கோடுகள் இல்லாத அகலமான ஸ்லிக் டயர். 2024-இல், நீண்ட நேரப் பந்தயங்களுக்கான உலக எண்டியூரன்ஸ் சாம்பியன்ஷிப்புக்குள் வந்த எல்எம்ஜிடி3 வகுப்பில், ஒவ்வொரு காரின் ஓட்டுநர் குழுவிலும் குறைந்தது ஒருவர் உலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்ஐஏ-வின் தரவரிசைப்படி 'வெண்கலம்' (Bronze) ஆக இருந்தே ஆக வேண்டும். வெண்கலம் என்றால் அமெச்சூர். லே மான் 24 மணி நேரப் பந்தயத்தில் ஓர் அமெச்சூரை நம்பி உட்கார வைக்கிற காருக்கு நீங்கள் நான்கு நட்சத்திரம் போட்டிருக்கிறீர்கள்.

ஜிடி3-யில் ஜெயிப்பது சுலபம் என்று சொல்ல வரவில்லை. கார்களின் திறனைச் சமப்படுத்தும் விதி இருப்பதால் எல்லாம் கிட்டத்தட்ட ஒரே வேகத்தில் ஓடுகின்றன, ஓட்ட வருகிறவர்களும் ஏராளம். கடைசி அரை விநாடியைப் பிடிப்பதற்குள் உயிர் போய்விடும். ஆனால் அது வேறு சிரமம். காரைத் தடத்தை விட்டு வெளியே போகாமல் வைத்திருப்பது ஒன்று, அதிலிருந்து வேகத்தைப் பிழிந்தெடுப்பது இன்னொன்று. முதல் வாரத்தில் இருக்கும் ஒருவருக்கு முதலாவதுதான் தெரிய வேண்டும். உங்கள் நட்சத்திரத்தில் இரண்டுமே தெரியவில்லை.

சரி, நான் பணம் கொடுத்து வாங்கிய 1967 கார்களுக்கு வருகிறேன். அந்த ஆண்டு நெதர்லாந்தின் ஸாண்ட்ஃபோர்ட்டில், அறிமுகப் பந்தயத்திலேயே ஜிம் கிளார்க் ஜெயித்த லோட்டஸ் 49-இன் காலம் அது. 3 லிட்டர் எஞ்சின், சுமார் 400 குதிரைத்திறன், எடையோ 500 கிலோ சொச்சம்தான். கிலோவுக்கு எத்தனை குதிரைத்திறன் என்று வகுத்துப் பாருங்கள், ஜிடி3-யைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு வரும். இறக்கை கிடையாது, ஃபார்முலா 1-இல் இறக்கை வந்ததே 1968-இல்தான். ஏபிஎஸ், டிராக்‌ஷன் கண்ட்ரோல் என்ற பேச்சுக்கே இடமில்லை. ஹேர்பின் என்ற கூர்மையான திருப்பத்தை விட்டு இரண்டாவது கியரில் வெளியே வரும்போது ஆக்சிலரேட்டரை ஒரு மயிரிழை கூடுதலாக மிதித்தால் போதும், பின்பக்கம் முன்னால் வந்து நிற்கும். கியரைக் குறைப்பது அதைவிட வேடிக்கை. வலது காலின் முன்பாகம் பிரேக்கை அழுத்திக்கொண்டிருக்க, அதே காலின் ஓரம் ஆக்சிலரேட்டரைத் தட்டி எஞ்சின் சுழற்சியை ஏற்ற வேண்டும், இடது கால் கிளட்ச்சில், வலது கை கியர் லீவரில். சுழற்சி ஏறாமல் கிளட்ச்சை விட்டால் பின் டயர்கள் ஒரு கணம் பூட்டிக்கொள்ளும், கார் வளைவுக்கு முன்பே திரும்பிவிடும். எனக்கு மிகவும் பிடித்த கார்கள் இவை. அந்தக் காலத்து டயர் பட்டென்று கைவிடாது, வழுக்கப்போவதை முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் வழுக்கும். ஆனால் அதைக் கேட்கப் பழகிய கை வேண்டும். முதன்முதலாக வீலைத் தொடுகிறவரிடம் இரண்டு நட்சத்திரம் என்று இதைக் கொடுப்பது அநியாயம்.

இதைவிடப் பெரிய குறை ஒன்று இருக்கிறது. 'தொடக்கநிலை' முறையில் ஓட்டும்போது உங்கள் மென்பொருள் அந்த 1967 காரில் செயற்கையாக ஏபிஎஸ்ஸையும் டிராக்‌ஷன் கண்ட்ரோலையும் சேர்த்துவிடுகிறது. திரையில் அதற்கு ஒரு அறிகுறியும் இல்லை, அமைப்புகளில் நான்காவது பக்கத்துக்குப் போனால்தான் தெரியும். பையன் அதில் பழகி, ஓரளவு கை வந்துவிட்டது என்ற நம்பிக்கையோடு ஆன்லைன் பந்தயத்தில் சேர்ந்தான். அங்கே உதவிகள் எல்லாம் சத்தமில்லாமல் அணைந்துவிடுகின்றன. முதல் வளைவில் வழக்கம்போல பிரேக்கை முழுசாக மிதித்தான், நான்கு டயரும் பூட்டிக்கொண்டன, முன்னால் போனவரின் மேல் போய் மோதினான். விளைவு, மோதாமல் ஓட்டுவதைக் கணக்கிடும் அவனுடைய பாதுகாப்பு மதிப்பெண் சரிந்தது, பந்தயத்தில் சேரத் தற்காலிகத் தடையும் வந்தது. உதவி போய்விட்டது என்று ஒரு வரி காட்டியிருந்தால் இது நடந்திருக்காது.

ஃபார்முலா 1 காருக்கு ஐந்து நட்சத்திரம் போட்டதில் எனக்கு மறுப்பில்லை, ஆனால் ஏன் ஐந்து என்று நீங்கள் எழுதியிருக்கும் காரணம் தப்பு. 'அதிவேகம், அதிகத் திறன்' என்று எழுதியிருக்கிறீர்கள். நேர்ப்பாதையில் வேகமாகப் போவதில் என்ன கஷ்டம்? இத்தாலியின் மொன்சா தடத்தில் உள்ள முதல் சிக்கேனை (வேகத்தைக் குறைக்க வைக்கும் அடுத்தடுத்த வளைவுகளை) பாருங்கள். மணிக்கு 330 கிலோமீட்டரைத் தாண்டி வரும் கார் நூறுக்குக் கீழே இறங்க வேண்டும். காரைத் தரையோடு அழுத்தும் டவுன்ஃபோர்ஸ் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறுகிறது, 300-இல் இருந்த அழுத்தம் 150-இல் கால் பங்காகிவிடும். அதனால் தொடக்கத்தில் பிரேக்கை மொத்த பலத்தோடு அடிக்க வேண்டும், வேகம் குறையக் குறையக் காலைச் சிறிது சிறிதாகத் தளர்த்த வேண்டும். தளர்த்தாவிட்டால் டயர் பூட்டிக்கொண்டு புகை கிளம்பும். ஏபிஎஸ் வந்து காப்பாற்றாது, ஃபார்முலா 1-இல் அதற்கு 1994 முதலே தடை. டிராக்‌ஷன் கண்ட்ரோலும் 2008 முதல் கிடையாது. ஜிடி3-யில் மிதித்துப் பிடித்தால் மீதியை ஏபிஎஸ் பார்த்துக்கொள்ளும், இங்கே அந்த வேலை முழுக்கக் காலுடையது. அப்புறம் இன்னொரு விபரீதம், பயந்து மெதுவாகப் போனால் கார் இன்னும் மோசமாகிவிடும். டயர் ஆறிப்போகும், டவுன்ஃபோர்ஸும் குறையும், பிடிமானம் இரண்டு பக்கமும் போய்விடும். நிதானமாகக் கற்றுக்கொள்ள விடாத கார் என்பதுதான் அதன் உண்மையான கடினம்.

போர்ஷே கப் காரை ஜிடி3-க்குக் கீழே வைத்தது எந்தக் கணக்கில் என்று எனக்குப் புரியவே இல்லை. எஞ்சின் பின் அச்சுக்கும் பின்னால் இருக்கிறது, முன்பக்கம் லேசு, உங்கள் சிம்மில் அதற்கு ஏபிஎஸ்ஸும் இல்லை. பிரேக்கைக் கொஞ்சம் பிடித்தபடியே உள்ளே திருப்பினால்தான் முன் டயர் கடிக்கும், கொஞ்சம் கூடிப்போனால் உள்பக்க முன் டயர் பூட்டிக்கொள்ளும், நடு வளைவில் பயந்து காலை எடுத்தால் பின்பக்கம் வீசும். ஜிடி3-யில் நன்றாக ஓட்டுகிறவர்களே இதில் ஏறித் திணறுவதை உங்கள் சொந்த சர்வர் பதிவுகளிலேயே பார்க்கலாம்.

முன்சக்கர டூரிங் கார் நேராக ஓட்டச் சுலபம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் முதல் சில லேப்களில் பின் டயர் சூடேறாது. அப்போது வளைவில் காலை எடுத்தால் பின்பக்கம் வழுக்கும். அதைக் காப்பாற்ற ஆக்சிலரேட்டரை மிதிக்க வேண்டும், பின்சக்கரக் காரில் பழகியவரின் கால் அதற்கு நேர்மாறாகச் செய்யும். ஓவல் காருக்கு ஒரு நட்சத்திரம் போட்டவர், முன்னால் போகும் காரின் கலங்கிய காற்றில் முன் டயர் பிடி விடுவதை ஒருமுறையாவது அனுபவித்திருக்க மாட்டார். நீங்கள் சரியாகப் போட்டது எம்எக்ஸ்-5 ஒன்றுக்குத்தான். 200-க்கும் குறைவான குதிரைத்திறன், இறக்கை இல்லை, செய்த தப்பு மெதுவாகவும் தெளிவாகவும் தெரியும். தொடக்கநிலைத் தொகுப்பு என்று விற்க வேண்டியது அதைத்தான்.

சிம்மில் ஓட்டுவதற்கென்றே உள்ள ஒரு சிரமத்தையும் உங்கள் மதிப்பீடு கண்டுகொள்ளவில்லை. நிஜக் காரில் பின்பக்கம் நழுவுவது முதலில் இருக்கையில் தெரியும், உடம்பு உணர்ந்துவிடும். வீட்டில் உட்கார்ந்து ஓட்டுகிறவருக்கு வீலும் சத்தமும் திரையும்தான். வீல் கையில் தரும் எதிர்விசை, அதாவது ஃபோர்ஸ் ஃபீட்பேக், பெரும்பாலும் முன் டயரின் நிலைமையைத்தான் சொல்கிறது. பின் டயர் சமாச்சாரம் தாமதமாகத்தான் வந்து சேரும். ஆகவே பின்பக்கம் திடீரென்று கைவிடும் கார்கள் நிஜத்தில் இருப்பதைவிட சிம்மில் ஒரு படி கூடுதல் கடினம். நீங்கள் மதிப்பெண் போடுவது நிஜக் காருக்கு அல்ல, எங்கள் மேசைக்கு வந்து சேரும் காருக்கு.

என் கோரிக்கைகள் இவை. ஒற்றை நட்சத்திர முறையை எடுத்துவிட்டு, காரைக் கட்டுக்குள் வைத்திருக்கும் சிரமத்துக்கு ஒரு மதிப்பும், அதில் போட்டி வேகத்தை எட்டும் சிரமத்துக்குத் தனியாக இன்னொரு மதிப்பும் போடுங்கள். அந்தக் காரில் விதிப்படி என்னென்ன உதவிகள் உண்டு, நீங்களாகச் சேர்த்தவை எவை என்பதைக் கார் தேர்வுத் திரையிலேயே காட்டுங்கள். ஆன்லைன் பந்தயத்தில் உதவிகள் அணையும்போது பந்தயம் தொடங்குவதற்கு முன்பே அறிவிப்பு வரட்டும். பழங்கால கிராண்ட் பிரி தொகுப்பின் விளம்பரத்திலிருந்து 'தொடக்கநிலை' என்ற சொல்லை உடனே நீக்குங்கள். அந்தச் சொல்லை நம்பிக் கொடுத்த பணத்தை எனக்குத் திருப்பித் தாருங்கள், பையனின் பாதுகாப்பு மதிப்பெண்ணையும் பழைய நிலைக்குக் கொண்டுவாருங்கள்.

வாங்கிய ரசீது, உங்கள் விளம்பரத்தின் படம், மோதல் நடந்த பந்தயத்தின் பதிவு மூன்றையும் இணைத்துள்ளேன். அந்தப் பதிவில் பிரேக் அழுத்த வரைபடத்தைத் திறந்து பார்த்தால் பெடல் சரியாக இருப்பது உங்களுக்கே தெரியும். தயவுசெய்து காலிபரேஷன் பதிலை மறுபடியும் அனுப்ப வேண்டாம். மதிப்பீட்டைத் தயாரித்த குழுவில் உள்ள ஒருவரே பதில் எழுதினால் நல்லது.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்