கெம்மியில தாடிக்கழுகு கண்டனாங்கள்

என்ர குஞ்சுக்கு,

சுகமா இருக்கிறியோ. உங்க டொரண்டோவில குளிர் துவங்கப் போகுதெண்டு அப்பா சொன்னார், ஜக்கெற் போடாம வெளிக்கிடாத. இதை வட்ஸ்அப்பில வொய்ஸாப் போடாம எழுதுறன், வொய்ஸெண்டா நீ பஸ்ஸுக்க நிண்டு பாதிதான் கேப்பாய், எனக்கு இது முழுக்க உனக்குச் சொல்லவேணும்.

சனிக்கிழமை விடிய பேர்ணில ட்ரெயின் ஏறி லொய்க்கில இறங்கி, பஸ்ஸில லொய்க்கர்பாட், அங்கயிருந்து கேபிள் காரில கெம்மிக் கணவாய்க்குப் போனனாங்கள். நானும் அப்பாவும், என்னோட முதியோர் இல்லத்தில வேலை செய்யிற சுவிஸ்காரியும். லொய்க்கர்பாட் ஊர் 1400 மீட்டரில இருக்கு, மேல ஸ்டேஷன் 2300க்கு மேல, நடுவில நேர்குத்தான பாறைச்சுவர். அந்தச் சுவர் தெற்கைப் பாத்து நிக்குது, வெயில் பட்டுக் காத்துச் சூடாகி மேல எழும்ப பெரிய பறவையள் செட்டை அடிக்காம அந்தக் காத்திலயே ஏறி வருது. அதால வேற இடத்தில கழுத்து நோக நிமிந்து பாக்கிற பறவையை இங்க குனிஞ்சு பாக்கலாம், முதுகு தெரியும், செட்டையில ஒவ்வொரு இறகும் தெரியும்.

முதல்ல மஞ்சள் சொண்டுக் காகங்கள்தான், காலெல்லாம் சிவப்பு, ஸ்டேஷனடியில சாப்பிடுற ஆக்களைச் சுத்தியே நிக்குதுகள். அப்பா பாண் துண்டு போட வெளிக்கிட்டார், நான் விடேல்லை. அதுகள் பூச்சி, பழம் தேடித் திண்டு வாழுற பறவையள், ஏன் பழக்குவான்.

பத்து மணி தாண்டின பிறகு சுவிஸ்காரி என்ர கையைப் பிடிச்சு அமத்தினா. கீழயிருந்து ஒண்டு வருது, வால் நீளமா ஆப்பு மாதிரி, வயிறு செம்மஞ்சள், செட்டை விரிச்சா 2.8 மீட்டர் வரைக்கும் போகுமாம். டொச்சில பார்ட்கையர், எங்கட பாசையில தாடிக்கழுகு. கண்ணுக்கு முன்னால போகேக்க சொண்டுக்குக் கீழ தொங்கிற அந்தக் கறுப்புத் தாடியும் கண்ணைச் சுத்திச் சிவப்பு வளையமும் வடிவாத் தெரிஞ்சுது பிள்ளை, எனக்கு உடம்பெல்லாம் புல்லரிச்சுப் போச்சு. அந்தச் செம்மஞ்சள் பிறவி நிறமில்லை, இரும்புச்சத்து இருக்கிற சேத்தில தானே போய்க் குளிச்சுப் பூசிக்கொள்ளுது, கூண்டில சேறு குடுக்காம வளத்தா வயிறு வெள்ளையாத்தான் இருக்கும். ஏன் பூசுதெண்டு இன்னும் ஆராய்ச்சி செய்யினம், வடிவுக்கெண்டுதான் எனக்குப் படுது.

இதின்ர சாப்பாடு பெரும்பாலும் எலும்பு. செத்த மிருகத்தின்ர எலும்பைத் தூக்கிக்கொண்டு உயரப் போய்ப் பாறையில போட்டு உடைச்சு அந்தத் துண்டுகளை அப்பிடியே விழுங்கும். ஆனா அந்தக் காலத்தில ஆட்டுக்குட்டியைத் தூக்குது, பிள்ளையைத் தூக்குது எண்டு சொல்லித்தான் சுட்டவை, நஞ்சு வைச்சவை, கொண்டு வந்தவைக்குக் காசும் குடுத்தவை. 1913இல இத்தாலிப் பக்கம் ஆஒஸ்தாப் பள்ளத்தாக்கில ஆல்ப்ஸ் மலையில மிஞ்சின கடைசியையும் சுட்டுப்போட்டினம். ஒரு பாவமும் செய்யாத பறவை.

திரும்பக் கொண்டு வந்த கதையைத்தான் நான் உனக்குச் சொல்லவேணும். மிருகக்காட்சிச்சாலையளில பொரிச்ச குஞ்சுகளைப் பறக்கத் தெரியாத வயதில, ஒரு மூண்டு மாசத்தில, மலையில ஒரு பாறைக் குகையில கொண்டு போய் வைப்பினம். தாய் தேப்பன் இல்லை. சாப்பாட்டைக் குஞ்சு மனிசரைக் காணாத மாதிரி வைப்பினம், தூரத்தில இருந்து பகல் முழுக்கப் பாத்துக்கொண்டு இருப்பினம். செட்டையில சில இறகை வெளுப்பாக்கி விடுறது, பறக்கேக்க எந்தக் குஞ்செண்டு தெரியும். 1986இல ஒஸ்ரியாவில ரௌரிஸ் எண்ட இடத்திலதான் முதல் முதல் விட்டது. இதுகள் முட்டையிடவே அஞ்சாறு வருசம் செல்லும், வருசத்துக்கு ஒரு குஞ்சுக்கு மேல வளராது, அதால 1997 வரைக்கும் காட்டில ஒரு குஞ்சும் பொரிக்கேல்லை, அந்த வருசம் பிரான்ஸ் பக்கம் ஓத் சவுவாவிலதான் பொரிச்சுது. பதினொரு வருசம் விடாமச் செய்த அந்தச் சனத்தை நினைச்சுப் பார். இண்டைக்கு ஆல்ப்ஸ் முழுக்க 300க்கு மேல இருக்கு. விட்ட குஞ்சு கொஞ்ச வருசம் நாடு நாடா அலையும், பிறகு பெரும்பாலும் தான் வளந்த மலைப் பக்கமே வந்து சோடி சேருமாம். சுவிஸ்காரி அதைச் சொல்லேக்க எனக்கு உன்ர நினைப்பு வந்திட்டுது, அப்பாவும் ஒண்டும் கதைக்கேல்லை.

பிறகு டவுபன்சே ஏரிக்கரையால நடந்தனாங்கள், அந்த ஏரித் தண்ணி வெளிய ஓடுறதில்லை, நிலத்துக்குக் கீழாலதான் போகுது. மார்மோட் எண்ட பெரிய மலை அணில் ஒண்டு ஒரேயொரு நீட்டு விசில் அடிச்சுது, அப்பிடி ஒண்டெண்டா ஆபத்து மேலயிருந்து வருது, அடுக்கடுக்கா அடிச்சா நரி நாய் மாதிரித் தரையில. நிமிந்து பாத்தா உண்மையாவே ராஜாளி. ஷ்வாரன்பாக் மலை விடுதியில சூப் குடிச்சம், ஸ்பிட்டல்மத்தெப் பக்கம் மரங்கள் துவங்க புள்ளிக் காகம் ஒண்டு தொண்டை நிறைய பைன் விதையோட போகுது. ஆயிரக்கணக்கில நிலத்துக்க ஒளிச்சு வைச்சு, பனி மூடின பிறகும் பெரும்பாலானதைத் தோண்டி எடுக்கும், விட்டதுதான் மரமா முளைக்குது. சுன்புவெலால கேபிள் காரில கண்டர்ஸ்தேக் ஊருக்கு இறங்கி ட்ரெயின் பிடிச்சு இரவுச் சாப்பாட்டுக்கு வீட்டை வந்திட்டம். அப்பாவுக்கு முழங்கால் கொஞ்சம் நோ, எண்ணெய் பூசினதோட சரி.

நத்தாருக்கு நீ வரேக்க உன்னைக் கூட்டிக்கொண்டு போறன். அந்தக் கடுங்குளிருக்கதான் தாடிக்கழுகு முட்டையிடத் துவங்கும், குஞ்சு பொரிக்கிற நேரம் பனிச்சரிவில செத்த மிருகங்கள் வெளிய தெரிய வரும், சாப்பாட்டுக்குக் குறைவிருக்காது. பனியை அமத்தி நடக்கிற பாதை விட்டிருப்பினம், பயமில்லை. பைனாகுலர் வாங்காத, அப்பான்ர 8×42 இருக்கு. நல்ல பிடிப்புள்ள சப்பாத்து மட்டும் கொண்டு வா, இல்லையெண்டா சைஸை அனுப்பு, இங்க சேல் துவங்கினோண்ண வாங்கி வைக்கிறன். டிக்கெட் போட்டவுடன சொல்லு.

அம்மா