லீனேன் வீட்டு அம்மாவும் மகளும்

அன்புள்ள செல்வி,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. அம்மா இப்போது சுவரைப் பிடித்துக்கொண்டு பாத்ரூம்வரை தானே நடக்கிறார் என்று படித்ததும்தான் எனக்கு மூச்சு வந்தது. உனக்கு ராத்திரித் தூக்கம் இருக்கிறதா? அதை மட்டும் நீ எழுதவே இல்லை.

போன சனிக்கிழமை இங்கே அயர்லாந்தின் கால்வே ஊரில், டவுன் ஹால் தியேட்டரில் ஒரு நாடகம் பார்த்தேன், 'தி ப்யூட்டி க்வீன் ஆஃப் லீனேன்', மார்ட்டின் மெக்டோனா எழுதியது. 1996இல் ட்ரூயிட் என்ற நாடகக் குழு இதே மேடையில்தான் முதன்முதலாகப் போட்டார்கள். அன்றைக்கு மகளாக நடித்து, பிறகு நியூயார்க்கில் டோனி என்ற பெரிய நாடக விருதும் வாங்கிய மேரி மல்லன், 20 வருடம் கழித்து அம்மாவாக நடித்தார். அவர் அந்த ஆடும் நாற்காலியில் உட்கார்ந்ததைப் பார்த்தபோதே எனக்கு என்னவோ செய்தது.

கதை இதுதான். கால்வே பக்கம் கன்னிமாரா பகுதியில் லீனேன் என்ற கிராமம், அங்கே மலையடிவாரத்து வீடு, 70 வயது அம்மா மேக், கல்யாணமாகாத 40 வயது மகள் மொரீன். அம்மாவுக்கு நேரத்துக்குக் காம்ப்ளான் வேண்டும், ஆமாம், நாம் சின்ன வயதில் குடித்த அதே காம்ப்ளான்தான், இங்கே வயசானவர்களுக்குக் கலக்கிக் கொடுப்பார்கள். கட்டி தட்டியிருக்கிறது, சரியாகக் கலக்கவில்லை என்று அம்மா சொல்ல, மகள் சுள்ளென்று விழ, அரங்கமே சிரிக்கிறது, நானும் கண்ணில் நீர் வரச் சிரித்தேன்.

அப்புறம் அந்தக் கடிதம். லண்டனில் கட்டட வேலை செய்த பேட்டோ, என்னோடு பாஸ்டனுக்கு வந்துவிடு என்று மொரீனுக்கு எழுதுகிறான், அவள் கையில்தான் கொடுக்க வேண்டும் என்று தம்பியிடம் சொல்லி அனுப்புகிறான். தம்பிப் பையன் காத்திருந்து காத்திருந்து அலுத்துப்போய், கிழவியிடமே வைத்துவிட்டுப் போகிறான். அவள் அடுப்பு மூடியைத் திறந்து, முதல் பக்கத்தைப் படித்து முடித்து நெருப்பில் போடுகிறாள், போட்டுக்கொண்டே அடுத்த பக்கத்தைப் படிக்க ஆரம்பிக்கிறாள். செல்வி, அந்த நிமிஷம் ஒருத்தர்கூட இருமவில்லை. மகள் போய்விட்டால் தன்னை யார் பார்ப்பார்கள் என்ற பயம் அந்தக் கைகளில் தெரிந்தது, அவளை வெறுக்கவும் முடியவில்லை. முடிவைச் சொல்ல மாட்டேன், பயங்கரமான முடிவு.

மொரீனுக்கு இரண்டு சகோதரிகள் உண்டு, ஆனெட், மார்கோ. மேடைக்கே வருவதில்லை, பேர் மட்டும் அடிபடும், கல்யாணம் கட்டிப் போனவர்கள், அம்மாவை இரண்டு நாள் வைத்துக்கொள்ளக்கூட மாட்டார்கள். மற்றவர்கள் என்ன நினைத்தார்களோ, எனக்கு ராத்திரி முழுக்க அந்த இருவர்மேல்தான் கோபம். உன் அண்ணன்மார்களை நினைத்தேன். ஊரைவிட்டு வந்து பதினொரு வருடமாக, மாதம் ஒரு போன் போட்டு எப்படி இருக்கே என்று கேட்பதோடு நின்றுவிட்ட என்னையும் நினைத்தேன்.

டிசம்பர் 18 ஊருக்கு வருகிறேன், டிக்கெட் போட்டாயிற்று. அதில் பத்து நாள் உன் வீட்டில் தங்கி அம்மாவை நான் பார்த்துக்கொள்கிறேன், மாத்திரை எப்போது, எது பிடிக்கும், எது பிடிக்காது எல்லாம் ஒரு தாளில் எழுதி வை. நீ கொடைக்கானலோ எங்கேயோ போய் நன்றாகத் தூங்கிவிட்டு வா. மறுக்காதே.

அன்புடன்,
கலா