கதவுக்கு அந்தப் பக்கம் யார்?

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே எல்லாரும் நலம். போன வாரம் போனில், "அமெரிக்காவில் வீட்டுக்கு வீடு துப்பாக்கியாமே" என்று கேட்டீர்கள். அம்மா பக்கத்தில் இருந்ததால் பேச்சை மாற்றிவிட்டேன். முப்பது வருஷம் காக்கிச் சட்டை போட்டவர் நீங்கள், உங்களிடம் மறைக்க மாட்டேன்.

கீழ் வீட்டுப் பெரியவர் தன் தோட்டத்துத் தக்காளியைக் கொண்டுவந்து கொடுக்கிற நல்ல மனுஷர். தலைமாட்டில் பிஸ்டல் வைத்துக்கொண்டுதான் தூங்குகிறார். ராத்திரி யாராவது கதவை உடைத்து வந்தால் சுடுவாராம். எங்கள் கென்டக்கி மாநிலச் சட்டமும் அவர் பக்கம்தான். வந்தவர் போலீஸ் என்றால் மட்டும் அந்தப் பாதுகாப்பு கிடையாது. ஆனால் போலீஸ் என்று அவர்கள் சொல்லியிருக்க வேண்டும், அல்லது உள்ளே இருப்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். தூக்கக் கலக்கத்தில் எப்படித் தெரியும் அப்பா?

இதே லூயிவில் நகரத்தில் நடந்ததுதான். 2020 மார்ச் 13, நள்ளிரவு தாண்டிய நேரம். பிரியோனா டெய்லர், 26 வயது, ஆஸ்பத்திரி அவசரப் பிரிவில் வேலை பார்த்த பெண். ஒரு போதைப்பொருள் வழக்கில் அவள் வீட்டைச் சோதனையிட, கதவைத் தட்டாமலே நுழையலாம் என்று வாரன்ட் வாங்கியிருந்தார்கள். தட்டினோம், போலீஸ் என்று கத்தினோம் என்றது போலீஸ். அப்படி எதுவும் காதில் விழவில்லை என்றார் உள்ளே இருந்த அவள் காதலன் கென்னத் வாக்கர். கதவு உடைந்ததும், துப்பாக்கி லைசென்ஸ் வைத்திருந்த அவர் ஒரே ஒரு தடவை சுட்டார். குண்டு ஓர் அதிகாரியின் தொடையில் பாய்ந்தது. போலீஸ் 32 தடவை சுட்டது. பிரியோனா நடையிலேயே செத்துப்போனாள். யாரோ வீடு புகுந்து சுட்டுவிட்டார்கள் என்று வாக்கர் உதவிக்குக் கூப்பிட்டது 911 என்ற அவசர உதவி நம்பரைத்தான். போலீஸுக்கும் அதே நம்பர்தான். வீட்டில் போதைப்பொருள் எதுவும் கிடைக்கவில்லை.

சில குண்டுகள் சுவரைத் துளைத்துப் பக்கத்து வீட்டுக்குள் போயின. அங்கே ஒரு கர்ப்பிணியும் ஒரு குழந்தையும் இருந்தார்கள். எங்கள் வீட்டுச் சுவரும் நம் ஊர் மாதிரி செங்கல் இல்லை, மரச்சட்டமும் ஜிப்சம் பலகையும்தான். இதைப் படித்த அன்றே பாப்பாவின் கட்டிலை வாசல் பக்கத்துச் சுவரிலிருந்து தள்ளிப் போட்டேன்.

அந்த ஜூன் மாதமே இந்த நகரத்தில் அப்படிப்பட்ட வாரன்ட்டுக்குத் தடை வந்துவிட்டது. நாடு முழுக்க வரவில்லை. 2022 பிப்ரவரியில் மினியாபொலிஸ் நகரத்தில் அமிர் லாக் என்ற 22 வயதுப் பையன் சோஃபாவில் போர்த்திக்கொண்டு படுத்திருந்தான். சட்டப்படி வாங்கிய துப்பாக்கி கையில் இருந்தது. போலீஸ் நுழைந்து பத்து நொடிக்குள் சுட்டுவிட்டார்கள். அவர்கள் தேடி வந்தது அவனை இல்லை.

கழிப்பறையில் கொட்டிப் போதைப்பொருளை அழித்துவிடுவார்கள், அதனால்தான் தட்டுவதில்லை என்கிறார்கள். அழித்தால் அழிக்கட்டுமே! நீங்கள் ரெய்டுக்குப் போன ராத்திரிகளில் அம்மா திண்ணையில் விழித்தே உட்கார்ந்திருப்பாள். தொடையில் பட்ட குண்டு கொஞ்சம் மேலே பட்டிருந்தால் என்று அந்த அதிகாரியையும் நினைத்துக்கொள்கிறேன்.

சோதனைக்குப் போனால் ஊர்க்காரர் இரண்டு பேரைச் சாட்சி வைத்து, நடந்ததை மகஜராக எழுதிக் கையெழுத்து வாங்குவோம் என்று சொல்வீர்களே, ராத்திரி சோதனைக்கும் அப்படித்தானா? எழுதுங்கள். இந்தக் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்ட வேண்டாம்.

உங்கள் அன்பு மகள்