9.8-க்கு மட்டும் மார்க் போடாதீங்க

ஆசிரியருக்கு வணக்கம்.

பிஎஸ்சி ஃபிசிக்ஸ் பசங்களுக்கு பிராக்டிகல் எடுக்கிறவ நான். ரெக்கார்ட் நோட்னு ஒன்னு எழுத வைக்கிறோமே, அதப் பத்திதான் இந்தக் கடிதம். எய்ம், ஃபார்முலா, புரொசீஜர், ரிசல்ட்னு சீனியர் நோட்டைப் பாத்து வரி மாறாம எழுதி சைன் வாங்கிட்டா முடிஞ்சுது. காம்பவுண்ட் பெண்டுலம்னு ஊசல் சோதனை செஞ்சா ஜி வேல்யூ, அதாவது புவியீர்ப்பு முடுக்கம், 9.8 வந்தே ஆகணும், வரலைன்னா விடையிலிருந்து பின்னாடி கணக்குப் போட்டு ரீடிங்கை மாத்துற பசங்க நிறைய பேர். அவங்கள எப்படி திட்ட முடியும், நாமதானே 9.8-க்கு மார்க் போடுறோம், எனக்கு 9.5 வந்துச்சு, ஏன் வந்திருக்கும்னு யோசிச்சு எழுதுற புள்ளைக்கு என்ன குடுக்கிறோம்?

நான் செமஸ்டருக்கு ஒரு எக்ஸ்பெரிமெண்டை மட்டும் சொந்த நடையில ரெண்டு பக்கம் எழுதச் சொல்றேன், தமிழ் மீடியத்துல இருந்து வந்தவங்க முதல்ல தமிழ்லயே எழுதட்டும்னு விட்டுடுவேன், யோசனை தெளிவானா இங்கிலீஷ் அப்புறம் வரும். பேரை மறைச்சு இன்னொரு ஸ்டூடன்ட் கையில குடுப்பேன். ஆரம்பத்துல எல்லாரும் "நல்லா இருக்கு"ன்னு மட்டும்தான் எழுதினாங்க, ஃப்ரெண்டு மனசு நோகக்கூடாதுல்ல. அதனால கேள்வியா குடுத்தேன்: இதை மட்டும் படிச்சு நீ திரும்ப செய்ய முடியுமா, ரீடிங் சொல்றதைத்தான் முடிவும் சொல்லுதா? ஒரு பொண்ணு, "20 அலைவுக்கு நேரம் எடுத்ததா இருக்கு, எத்தனை தடவைன்னு இல்லையே"ன்னு கேட்டிருந்தா. எழுதின பையன் ஒரே ஒரு தடவைதான் எடுத்திருக்கான், லேபுக்குப் போய் மறுபடி எடுத்து, என்ன மாத்தினேன்னு பதிலும் எழுதிக் குடுத்தான். ஒருத்தர் ஆய்வை அதே துறைக்காரங்க படிச்சு குறை சொல்ற பியர் ரிவ்யூன்னா இதுதானே சார்.

அடுத்தவங்க குறை சொன்னா வலிக்கத்தான் செய்யும். 1936-ல ஐன்ஸ்டீனும் ரோசனும் ஈர்ப்பலையே (ஈர்ப்பு விசையால பரவுற அலை) கிடையாதுன்னு ஒரு கட்டுரையை ஃபிசிக்கல் ரிவ்யூங்கிற ஜர்னலுக்கு அனுப்பினாங்க, அதை ரிவ்யூ பண்ண ரெஃப்ரி தப்பைச் சுட்டிக்காட்டினார், ஐன்ஸ்டீன் கோபப்பட்டு கட்டுரையையே திரும்ப வாங்கிட்டார். ஆனா அடுத்த வருஷம் வேற ஜர்னல்ல வந்தப்போ முடிவு மாறியிருந்துச்சு. அந்த அலையை 2015-ல கருவியில பிடிச்சும் காட்டிட்டாங்க. இந்தக் கதையைச் சொன்ன பிறகுதான் எங்க பசங்க ரிவ்யூ ஷீட்டைப் பாத்து முகம் சுளிக்கிறதை விட்டாங்க.

இதெல்லாம் பிஎச்டி போறவங்களுக்குத்தானேன்னு ஸ்டாஃப் ரூம்ல கேக்கிறாங்க. 2013-ல சயின்ஸ் பத்திரிகைக்காக ஒருத்தர் வேணும்னே தப்புத்தப்பா ஒரு கட்டுரை தயாரிச்சு 304 ஜர்னலுக்கு அனுப்பினார், 157 ஜர்னல் ஏத்துக்கிச்சு. இப்போ யுஜி பசங்களுக்கே காசு கட்டினா பேப்பர் போட்டுத் தர்றோம்னு மெசேஜ் வருது, உண்மையான ரிவ்யூ எப்படி இருக்கும்னே பாக்காத புள்ள எதை வச்சு அதை சந்தேகப்படும்? ப்ளேஜியரிசம், அதாவது அடுத்தவங்க எழுத்தைத் திருடுறதுன்னாலே 2018 யுஜிசி விதியில 10 சதவீதம் வரை ஒத்துப்போனா தண்டனை இல்லைன்னு இருக்கிறதுதான் ஞாபகம் வருது, வார்த்தையை மாத்திப் போட்டு அதுக்குள்ள கொண்டு வந்துட்டா போதும்னு நினைக்கிறாங்க.

எங்களுக்கு வேலை கூடும், அதை மறைக்கல. பெரிய கிளாஸ்ல ரிப்போர்ட்டையும் படிச்சு ரிவ்யூவையும் படிக்கிறது லேசு இல்ல, அதனாலதான் எல்லா எக்ஸ்பெரிமெண்டுக்கும் வேணாம், ஒன்னே ஒன்னுக்குப் போதும்னு கேக்கிறேன். போர்டு ஆஃப் ஸ்டடீஸ்ல இருக்கிறவங்க அடுத்த தடவை சிலபஸை மாத்தும்போது பிராக்டிகல் இன்டர்னல்ல ஒரு பங்கை இதுக்கு ஒதுக்குங்க, ரிப்போர்ட் எழுதினவங்களுக்கு மட்டுமில்லாம நல்லா ரிவ்யூ பண்ணவங்களுக்கும் சேர்த்து. எக்ஸ்டர்னலா வர்றவங்க வைவாவுல அந்த ரிவ்யூ ஷீட்டையும் கேட்டு வாங்கிப் பாருங்க.

இப்படிக்கு,
ஒரு இயற்பியல் ஆசிரியை, திருச்சி